ஆர்டர் முன்னே, கருவி பின்னே

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் ஒளிப்படக்காரர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அழைத்த நண்பர்கள், "எந்த கேமரா வாங்கலாம்னு பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார்கள். அது மட்டும்தான் பேச்சு என்றால் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆனால் அடுத்த தீபாவளிக்குள் அந்தப் பேச்சு செல்லாக்காசு ஆகிவிடும். மாடல் மாறும், விலை மாறும். ஆகவே கேமரா பெயரை ஓரமாக வைத்துவிட்டு, எதற்கு அப்புறம் எதை வாங்குவது, எந்த மாதத்தில் வாங்குவது, யார் பணத்தில் வாங்குவது என்ற மூன்றைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு பழைய கணக்கிலிருந்து தொடங்குவோம். லின்னேயஸ் டிரைப் என்று ஒருவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. சென்னை மாகாண அரசு அவரைத் தன் ஒளிப்படக்காரராக வைத்துக்கொண்டது. 1857, 58-இல் அவர் நம் பக்கமாக வந்தார். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று ஒரு சுற்று. பெட்டி கேமரா, ரசாயனம், காகித நெகட்டிவ் எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பயணம். தஞ்சைப் பெரிய கோவில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று கைப்பேசியில் பனோரமா எடுக்கிறோமே, அந்த வேலையை அந்தக் காலத்தில் செய்த மனிதர். 2014, 15-இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்கள் அவருக்கென்றே கண்காட்சி நடத்தின.

ஆனால் அவருடைய தொழில் என்ன ஆயிற்று? 1859-இல் சார்லஸ் ட்ரெவிலியன் சென்னைக்கு ஆளுநராக வந்தார். செலவுக் கணக்கைப் பார்த்தார். நம் நிதி நிலைமைக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்று முடிவு கட்டினார். டிரைப்பின் ஒளிப்படப் பிரிவை மூடிவிட்டார்கள். அதன்பின் டிரைப் படம் எடுப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டார். அவர் கையில் குறை இல்லை, கருவியிலும் குறை இல்லை. செலவை ஏற்றுக்கொண்டிருந்த ஒரே ஒரு வாடிக்கையாளர் கையை விரித்துவிட்டார், அவ்வளவுதான். அரசாங்கமே கட்டுப்படியாகவில்லை என்று மூடிய கடையை, மாதத் தவணையில் கேமரா எடுத்த ஒரு தனியாள் எப்படித் திறந்து வைத்திருப்பது? இன்றைய பேச்சின் கேள்வி அதுதான்.

நம் இரண்டு மாவட்டங்களில் ஒளிப்படத்துக்குக் காசு கொடுப்பவர் யார்? இதை ஒளிவுமறைவு இல்லாமல் பார்க்க வேண்டும். படம் எடுக்க அழகான இடங்களுக்கு இங்கே பஞ்சமே கிடையாது. கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான கோவில். கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்கு ராம்சர் ஈரநிலத் தகுதி கிடைத்ததாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்கும் ஏரி அது. சாத்தனூரில் பன்னிரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரம் கல்லாகக் கிடக்கிறது. ரஞ்சன்குடிக் கோட்டை நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். ஆனால் இவற்றில் எதுவும் உங்கள் தவணையைக் கட்டாது. கட்டுவது கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதணி விழா, புதுமனை புகுவிழா, பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ, கட்சிக் கூட்டம், ஊர்த் திருவிழா. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளில் ஆண்டு விழா, பாதுகாப்பு வாரம் என்று வேலை வரும். பெரம்பலூர்ப் பக்கம் நாரணமங்கலம் டயர் தொழிற்சாலை, எறையூர் தொழிற்பூங்கா என்று புதுக் கதவுகள் திறக்கின்றன.

கரைவெட்டி வாத்துக்காக 600 எம்.எம். லென்ஸ் வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்காத இளைஞர் குறைவு. ஆசை நல்லதுதான். ஆனால் பறவை அட்வான்ஸ் கொடுக்காது. வாத்து வரும் குளிர்காலத்தில் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வனத்துறையின் அனுமதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் யார் என்று தெரிந்ததும் பஞ்சாங்கத்தை எடுக்க வேண்டும். கேமராக் கடை விலைப்பட்டியல் அதற்கப்புறம்தான். நம் தொழிலுக்கு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்று ஆடிட்டர் சொல்வார். உண்மையில் அது தையில் தொடங்குகிறது. தை, மாசியில் ஓட்டம், பங்குனியிலும் உண்டு. சித்திரை, வைகாசியில் ஒரே நாளில் மூன்று மண்டபத்திலிருந்து கூப்பிடுவார்கள். ஆனியிலும் உண்டு. ஆடி வந்தால் கல்யாணம் நின்றுவிடும். ஆவணியில் மூச்சு வரும், புரட்டாசியில் மறுபடி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை ஓடும், மார்கழி சுத்தமாகக் காலி. ஆக, பன்னிரண்டில் மூன்று மாதம் கல்யாணப் பணம் கிடையாது. கடையில் தவணைக்குக் கையெழுத்துப் போடும்போது இந்த மூன்று மாதத்தை யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். 1,20,000 ரூபாய் கேமராவை ஒரு வருடத் தவணையில் எடுத்தால், வட்டியை விட்டுவிட்டாலே மாதம் 10,000. ஆனி கடைசியில் எடுத்தீர்கள் என்றால் முதல் தவணையே ஆடியில் விழும். அதே கேமராவைத் தை முதல் வாரத்தில் எடுத்தால் ஐந்து மாதத் தவணையை வேலை வரும் காலத்திலேயே கட்டிவிடலாம். தீபாவளித் தள்ளுபடி என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை ஆர்டர் கையில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால், மார்கழியில் உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆடியில் கல்யாணம் இல்லையே தவிர திருவிழா உண்டு. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாத ஊர் இங்கே எது? தீமிதி, தேர் என்று வேலை இருக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை இப்போது பெரிய விழா. தொகை சிறியதுதான், ஆனால் அந்த மாதத்துத் தவணைக்கு ஆகும். திருவிழா வேலைக்கு என்ன கருவி போதும் என்று பார்த்து அதைச் சீக்கிரம் வாங்கி வைப்பது ஒரு கெட்டிக்காரத்தனம்.

சரி, இப்போது பைக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் தப்பு வரிசையில் வாங்குவது இங்கேதான்.

நம் ஊர்க் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். முகூர்த்தம் நாலரை, ஆறு. வெளியே இருட்டு. மண்டபத்துக்குள் நீலமும் ஊதாவுமாக எல்.இ.டி. மணமேடையில் ஐயருடைய ஹோமப் புகை. தாலி கட்டுவது சில நொடி. கெட்டிமேளம் கொட்டியதும் சொந்தக்காரர்கள் அட்சதையோடு எழுந்து உங்கள் லென்ஸுக்கு முன்னால் நிற்பார்கள். அந்தச் சில நொடியில் படம் விழவில்லை என்றால் மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது. நம் தொழிலில் கருவித் திட்டம் முழுவதும் இந்த நொடிக்காகத்தான். படத்தை அழகாக்கும் கருவிக்கு முன்னால், படம் போகாமல் காப்பாற்றும் கருவியை வாங்க வேண்டும்.

படம் போகாமல் காப்பாற்றுவது எது? முதலில் வெளிச்சம். நல்ல பிளாஷ் ஒன்று, அதைத் தள்ளி நின்று இயக்கும் டிரிக்கர், ஒரு ஸ்டேண்டு. சாதாரண கேமராவில் நல்ல பிளாஷ் போட்டவன் படம், விலை உயர்ந்த கேமராவில் வெளிச்சம் இல்லாமல் எடுத்தவன் படத்தைவிட நன்றாக இருக்கும். அடுத்தது மெமரி கார்டு. ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் கேமராவா என்று பார்த்து வாங்குங்கள். புதியது என்பதால் இரண்டு கார்டு இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கேனான் 5டி மார்க் 3, நிக்கான் டி750 போன்ற பத்து வருடத்துக்கு மேற்பட்ட கேமராக்களில் இரண்டு கார்டு உண்டு. 2023-இல் வந்த கேனான் ஆர்8-இல் ஒன்றுதான். மூன்றாவது, இரண்டாவது பாடி. பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, பையில் இருந்தால் போதும். பெரம்பலூருக்கு ரயில்கூடக் கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கு ஷட்டர் மாட்டிக்கொண்டால் திருச்சிக்கு ஓடிவிட்டு முகூர்த்தத்துக்குத் திரும்ப முடியுமா?

நான்காவது ஹார்ட்டிஸ்க். இதைச் செலவாக யாரும் எழுதுவதே இல்லை. ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம், படத்துக்கு 25 எம்.பி. என்று வையுங்கள். 75 ஜி.பி. ஆயிற்று. இருபத்தைந்து கல்யாணத்தில் 2 டி.பி. ஹார்ட்டிஸ்க் நிறைந்துவிடும். அதற்கு நகலாக இன்னொன்று, வேறொரு வீட்டில். இரண்டு வருடம் கழித்துப் பெண்ணின் அப்பா, "தம்பி, பென்டிரைவ் காணாமப் போச்சு, வேற ஒண்ணு போட்டுத் தாங்க" என்று வருவார். உங்களிடம் இருந்தால் அடுத்த மகள் கல்யாணமும் உங்களுக்குத்தான்.

இதெல்லாம் ஆன பிறகு லென்ஸ். 50 எம்.எம். 1.8-ஐ எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். மலிவு, வெளிச்சம் நன்றாக வாங்கும். ஆனால் உங்கள் கேமரா சின்ன சென்சார் என்றால் அது 75, 80 எம்.எம். போல நடந்துகொள்ளும். ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமத்தில் கூடத்துக்குள் நலங்கு வைக்கும்போது பின்னால் நகர இடம் எங்கே? முதுகு சுவரில் முட்டும், படத்தில் பெண்ணின் தலை மட்டும் இருக்கும். அந்த வீட்டுக்குத் தேவை 24 அல்லது 35. பெரிய மண்டபத்தில் வீடியோக்காரர்கள் மேடையை அடைத்துக்கொள்வதால் 70–200 தேவைப்படும். அதை முதல் வருடம் வாடகைக்கே எடுக்கலாம். ஒரு லென்ஸுக்கு ஒரு வருடத்தில் கொடுத்த வாடகை அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் சொந்தமாக வாங்குங்கள். அதுவரை வாடகைதான் லாபம். இந்த மூன்றில் ஒன்று என்பது என் சொந்தக் கணக்கு. நீங்கள் வேறு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஏதாவது ஒரு கோடு இருக்கட்டும்.

அரியலூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையோரத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். தூசி சென்சாரில் உட்கார்ந்தால் வானம் முழுக்கப் புள்ளி. மழைக்காலத்தில் பீரோவில் துணிக்கு நடுவே லென்ஸ் வைப்பதும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் சில நூறு ரூபாயில் முடிந்துபோகும்.

ஒரு கேமரா உங்களிடம் எவ்வளவு கூலி கேட்கிறது என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும். 5டி மார்க் 4-இன் ஷட்டரை ஒன்றரை லட்சம் முறைக்குச் சோதித்ததாகக் கேனான் சொல்கிறது. அதைத் தாண்டியும் உழைக்கும், அதற்கு முன்பே போகவும் செய்யும். இருந்தாலும் கணக்குக்கு ஒரு எண் வேண்டும். கல்யாணத்துக்கு 3,000 கிளிக் என்றால் ஐம்பது கல்யாணம். கேமரா ஒன்றரை லட்சம் என்றால், ஒவ்வொரு கல்யாணத்திலும் 3,000 ரூபாய் தேய்கிறது. நீங்கள் ஒரு சீனியரிடம் நாள் சம்பளத்துக்குப் போய், சொந்த கேமராவில் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். அந்தச் சம்பளத்தில் பெட்ரோல், சாப்பாடு போக, இந்த 3,000 போக என்ன மிச்சம்? பலருக்கு இங்கே கண் திறக்கும். "கேமரா அவருடையது, ஆள் நான்" என்று போகும் நாளும், "கேமராவும் நானும்" என்று போகும் நாளும் ஒரே சம்பளமாக இருக்கக் கூடாது. இதை மரியாதையோடு, ஆனால் முதல் நாளே அந்த சீனியர் அண்ணனிடம் பேசிவிடுங்கள்.

பழையதா, புதியதா? கேனான் தன் இ.எஃப். மவுன்ட்டை 1987-இல் கொண்டுவந்தது. 2018-இல் ஆர்.எஃப். வந்தது, நிக்கானும் அதே ஆண்டு இசட் மவுன்ட்டுக்கு மாறியது. டி.எஸ்.எல்.ஆர். போய் மிரர்லெஸ் வந்த அந்த மாற்றத்தில், முப்பது வருடமாக வாங்கிச் சேர்த்த லென்ஸ்கள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் வந்து குவிந்துவிட்டன. புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு இது யோகம். நல்ல டி.எஸ்.எல்.ஆர்., நல்ல லென்ஸ், பாதி விலைக்கும் கீழே. பெண் வீட்டார் ஆல்பத்தைத் திருப்பிப் பார்த்து இது மிரர்லெஸ்ஸா என்று கேட்பதில்லை. என் தீர்ப்பு இது: முதல் செட் பழைய டி.எஸ்.எல்.ஆர்., இரண்டாவது செட் புதிய மிரர்லெஸ். அடாப்டர் போட்டால் கேனான் இ.எஃப். லென்ஸ் ஆர்.எஃப். பாடியிலும் வேலை செய்யும், ஆகவே வாங்கிய லென்ஸ் வீணாகாது.

பழையது வாங்கும்போது ஷட்டர் கவுண்ட் பாருங்கள். நிக்கான் படத்தின் உள் விவரத்திலேயே அது இருக்கும். கேனானில் பெரும்பாலும் தனியாக மென்பொருள் போட்டுத்தான் பார்க்க வேண்டும். டி750-இல் சில தொகுதிகளுக்கு ஷட்டர் குறைபாடு என்று நிக்கானே அறிவித்து மாற்றிக் கொடுத்தது; சீரியல் எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். பில் இல்லாத கேமரா எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கப்போவது நீங்கள்.

பணத்துக்கு வருவோம். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது. பூஜ்ய வட்டி என்ற பெயரில் வட்டியை மறைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சொன்னது. ரொக்க விலை என்ன, தவணை விலை என்ன என்று இரண்டையும் கேளுங்கள், வித்தியாசம்தான் வட்டி. முத்ரா திட்டத்தில் 50,000 வரை சிசு, ஐந்து லட்சம் வரை கிஷோர் என்று அடமானம் இல்லாமல் கடன் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில், படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான மாநில அரசுத் திட்டத்தில் 25 சதவீதம் மானியம் உண்டு. இரண்டு மாவட்டத்துக்கும் தனித்தனித் தொழில் மையம் இருக்கிறது, நேரே போய்க் கேட்கலாம். இந்தக் கடன்கள் பொதுவாகக் கடை கொட்டேஷன் வைத்துத்தான் கிடைக்கும். செகண்ட் ஹேண்ட் கேமராவுக்கு எதிர்பார்க்காதீர்கள். ஸ்டுடியோ கணினி, பிரின்டர், லைட், புதிய பாடி ஆகியவற்றுக்கு அந்தக் கடன், பழைய லென்ஸுக்குக் கைக்காசு என்று பிரித்துக்கொள்ளலாம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலையிலிருந்து ஆன்லைனில் இலவசம். அதற்கு யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. வந்த புதிதில் டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீத வரி. 2019 ஜனவரியிலிருந்து அது 18. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் ஆலை வேலை பிடிக்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். கம்பெனிகள் ஜி.எஸ்.டி. பில் எதிர்பார்க்கும். பதிவு செய்திருந்தால், 1,18,000 ரூபாய் கேமராவில் இருக்கும் 18,000 ரூபாய் வரியை நீங்கள் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பில் உங்கள் தொழில் பெயரில் இருக்க வேண்டும். மச்சான் பெயரில் இருந்தால் கிடைக்காது.

ட்ரோன் பற்றிக் கேட்பீர்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேலே தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் பிரச்சினை வரும். சான்றிதழ் உள்ள ஒருவரை அன்றைக்கு மட்டும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வருபவருக்கு ட்ரோன் சொந்தமாக வேண்டியதில்லை.

கிணறு வெட்டியவன் மோட்டாரை எப்போது வாங்குவான்? தண்ணீர் கண்ட பிறகு. கருவியும் அப்படித்தான், ஆர்டர் கண்ட பிறகு. செட்டிகுளத்து வெங்காயக் கொல்லைக்காரர்கள் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த அறையில் ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது பேரும் ஆளுக்கொரு 70–200 வாங்கத்தான் கனவு காண்கிறீர்கள். ஐந்தைந்து பேராகச் சேருங்கள். ஒருவர் நீள லென்ஸ், ஒருவர் லைட் செட், ஒருவர் கிம்பல், ஒருவர் உபரி பாடி என்று பிரித்து வாங்குங்கள். யாருடையது, நாள் வாடகை எவ்வளவு, உடைந்தால் யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். உறவுக்காரராக இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். ஐந்து பேர் கருவிக்கும் சேர்த்துக் காப்பீடு எடுக்க முடியுமா என்று பொதுத்துறைக் காப்பீட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒரே முகூர்த்த நாளில் ஐந்து பேருக்கும் ஆர்டர் வந்து லென்ஸுக்குச் சண்டை வந்தால், அந்த வருடம் இரண்டாவது லென்ஸ் வாங்கும் அளவுக்கு உங்களுக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது வாங்குங்கள்.